ஹெட்லைட்டில் காய்ந்த சந்தனம்

என் அருமைக் கிறுக்கா, மாப்ளே தங்கராசு,

கடிதம் என்றால் முதல் வரியில் நலம் விசாரிக்க வேண்டும். உன்னிடம் நலம் கேட்டு என்ன ஆகப் போகிறது? இருக்கிற காலத்தில் கேட்டாலே, "எனக்கென்ன மச்சான், கல்லு மாதிரி இருக்கேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவாய். அந்த நெஞ்சில்தான் ஸ்டியரிங் வந்து இடித்தது. கல்லு மாதிரியாம், கல்லு.

கோபமாகத்தான் எழுதுகிறேன், தெரிந்துகொள். கார்த்திகையில் போனாய். இப்போது ஆடிக் காற்று கம்பம் ஊரையே பெயர்த்துக்கொண்டு போகிற மாதிரி அடிக்கிறது. ஸ்டாண்டில் என் டாக்சிக்குச் சவாரி இல்லை. பின்சீட்டில் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். கண்ணில் மண் விழுந்துவிட்டது என்று பக்கத்து வண்டிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பின மாதிரி தெரியவில்லை.

முதலில் நல்ல சேதி. உன் ஜீப் மறுபடி ஓடுகிறது. கோம்பையிலிருந்து ஒரு பையனை டிரைவராகப் போட்டிருக்கிறோம். நிதானமானவன், மலையில் ஹாரன் அடிக்கச் சோம்பல்படாதவன். இரண்டு பக்கமும் புது ஹெட்லைட். காலையில் ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் மெட்டு ஏறுகிறது, சாயங்காலம் திரும்பி வருகிறது. உன் மகள் செல்வி ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாள், கணக்கில் மட்டும் உன்னை மாதிரியே முட்டாள். பேச்சி சாப்பிடுகிறாள்.

பேச்சி சாப்பிடுகிறாள் என்பதை ஒரு சேதியாக எழுத வேண்டியிருக்கிறதே என்று உனக்குத் தோன்றும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. நீ போனதிலிருந்து மாசி வரைக்கும் உன் பெண்டாட்டி, உன்னைத் தான்தான் கொன்றுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள் மாப்ளே.

அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. ஆட்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, பொழுது சாய்ந்த நேரத்தில் நீ மட்டும் காலி ஜீப்போடு கம்பம்மெட்டு இறங்கியிருக்கிறாய். பனி இறங்கியிருந்தது. ரோடு வளைந்தது, ஜீப் வளையவில்லை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் போய் முட்டியிருக்கிறது. பின்னால் வந்த மூங்கில் லாரிக்காரர்கள்தான் உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நான் நின்றேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

போலீஸ் வேலையெல்லாம் முடிந்து, ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து உன் வீட்டு முன்னால் நிறுத்தினோம். இடப்பக்க ஹெட்லைட் இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. வலப்பக்கம் இருந்தது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் முழித்துக்கொண்டிருந்தது. தெருவே கூடி நின்றது. கூட்டத்தில் எவனோ ஒருவன் குனிந்து அந்தக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சந்தனத்த அப்பி வச்சா ரோடு எங்கிட்டுத் தெரியும்?" என்றான். சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டான். அவன் யாரென்று இன்று வரை தெரியாது. தெரிந்தால் பல்லைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவேன்.

வாசப்படியில் நின்ற பேச்சி காதில் அது விழுந்துவிட்டது.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் இந்தக் கடிதம் வேறு எவன் கையிலாவது சிக்கினால் அவனுக்கும் விளங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றால் வண்டிக்குப் பொட்டு வைப்பார்கள். சந்தனத்தைக் குழைத்து ஹெட்லைட்டில் ஒரு பொட்டு, அதன் நடுவில் குங்குமம். அதை ஓட்டுகிறவன் தன் கையால் அழிக்கக் கூடாது என்பது ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரிந்த சாத்திரம். மழை கரைத்தால் கரைக்கட்டும், காற்று உதிர்த்தால் உதிர்க்கட்டும், துணியை மட்டும் எடுக்கக் கூடாது. என் வீட்டுக்காரி விளிம்பில் ஒரு சின்னப் புள்ளி வைப்பாள். பேச்சி வைப்பது அப்பளம் அளவு. எதிரே வருகிறவனுக்குக் கண் கூசக் கூடாதென்று, போலீசுக்குப் பயந்து கண்ணாடி நடுவில் அடித்த கறுப்புப் பொட்டைச் சுற்றி, மிச்ச இடமெல்லாம் அவள் ராஜ்யம். பல்பு சூட்டில் அது காய்ந்து இறுகும். அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேலேயே இன்னொன்று.

நான் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறேன். "தங்கச்சி, லைட்டுக்கு என்ன அம்மை போட்டிருக்கா? இப்படி அப்பி வச்சிருக்க?" என்பேன். கல்யாணத்தன்றே என்னை அண்ணே என்று கூப்பிட்டவள் அல்லவா, விட்டுக்கொடுக்க மாட்டாள். "உங்களுக்கென்னண்ணே தெரியும்? அவுக போற ரோட்டுல என் கண்ணும் கூடப் போகட்டும்" என்பாள். நீ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுவாய். இருவரும் ஒரே லாரியில் கிளீனராக இருந்து அடியும் உதையும் பட்டு வண்டி ஓட்டப் படித்தவர்கள் நாம். உனக்கு அந்தச் சிரிப்பை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தான் என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

தை மாதக் கடைசியில் ஒரு நாள் செல்வி என் வீட்டுக்கு வந்தாள். தாவணியைக் கையில் முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"மாமா, அம்மா சோறு பொங்குது. எனக்குப் போடுது. அது சாப்பிட மாட்டேங்குது."

"ஏன், காய்ச்சலா?"

"கேட்டா, 'கொன்னவளுக்குச் சோறு ஒரு கேடா'ன்னு சொல்லுது மாமா."

என் வீட்டுக்காரி ஒரு தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஓடினாள். அப்படியே திருப்பிக் கொண்டு வந்தாள். பேச்சி ஜீப் கொட்டகையில் அந்த ஒற்றை ஹெட்லைட்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருக்கிறாளாம். எலும்பாகிவிட்டாளாம். வெறும் தண்ணீரும் மோரும் குடித்துக்கொண்டு எத்தனை நாளாய்க் கிடக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லையாம்.

மாசி பிறந்த அன்றைக்கு, ஜீப்பைச் சரி பண்ணுகிற சாக்கில் நான் போனேன். பம்பரை நிமிர்த்த வேண்டும், மட்கார்டு தட்ட வேண்டும், ஒரு டிரைவரைப் போட்டு ஓட்டினால் வீட்டுக்கு ஆகும் என்று பேச்சைத் தொடங்கினேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ஜீப்ப என்ன வேணாலும் பண்ணுங்கண்ணே. அந்த லைட்ட மட்டும் தொடாதீக."

"ஏன் ஆத்தா, அத வச்சு என்ன பண்ணப் போற?"

"அதுல என் பாவம் ஒட்டியிருக்கு. கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

சாந்தமாகச் சொன்னாள் மாப்ளே. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. கத்தினால், மண்ணை வாரித் தூற்றினால் சமாளிக்கலாம். தீர்ப்பு எழுதி முடித்தவள் மாதிரி பேசுகிறவளை எப்படிச் சமாளிப்பது?

நானும் சொல்லிப் பார்த்தேன். பனிக்கு மஞ்சள் வெளிச்சம்தான் நல்லது, நானும் அவனும் லைட்டில் மஞ்சள் காகிதம் ஒட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறோம், சந்தனம் மஞ்சளாக இருந்தால் என்ன கெட்டுப் போச்சு என்றேன். பிரேக்கில் கோளாறு இருந்திருக்கலாம் என்றேன். தூங்கியிருப்பான் என்றேன். ஒன்றும் ஏறவில்லை. "நீங்க என் மனசு ஆறணும்னு சொல்றீக" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, கோபம் வந்தால் என் வாய் எனக்கு முந்திக்கொள்ளும். "சரி, ஒனக்கு அம்புட்டு உறுதியா இருந்தா எரியவிட்டே பாப்போம். சந்தனத்தோட எரிய விடுறேன், பாத்துக்க. பெறகு கழுவி எடுத்துட்டு எரிய விடுறேன். வெளிச்சம் கூடுச்சுன்னா நீ சொல்றது நெசம், நான் வாயைத் தொறக்க மாட்டேன். கூடலைன்னா நீ இங்கன உக்காந்து சோறு திங்கணும். சம்மதமா?" என்று கத்தினேன்.

கத்தி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கூடிவிட்டால்? கூடுவதற்குத்தானே நியாயம் இருக்கிறது? கண்ணாடியை மூடியிருக்கிறதை எடுத்தால் வெளிச்சம் கூடாமல் என்ன செய்யும்? உன் பெண்டாட்டி உயிரை வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறேன் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவள் எழுந்து நின்றாள். "சம்மதம்" என்றாள்.

மறுநாள் உச்சிப் பொழுதில் வேலையைத் தொடங்கினோம். தகரக் கொட்டகையின் கதவைச் சாத்தி, சந்துகளிலெல்லாம் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினேன். ஜீப்பின் பேட்டரி செத்துப் போயிருந்தது, என் டாக்சியிலிருந்து கழற்றி மாட்டினேன். எதிர்ச்சுவர் வெள்ளையடித்த சுவர். சுவிட்சை இழுத்தேன். பருப்பு வேகவைத்த தண்ணீரை ஊற்றின மாதிரி ஒரு மஞ்சள் வெளிச்சம் சுவரில் வட்டமாய் விழுந்தது. நீ அதை வைத்துக்கொண்டா மெட்டு இறங்கினாய் என்று எனக்கே திக்கென்றது.

பேச்சி அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டு எடுத்து வந்தாள். வெளிச்சத்தின் ஓரத்தை ஒட்டி, சுற்றிக் கோடு போட்டாள். பிறகு கதவோரம் போய் நின்றுகொண்டாள்.

கழுவுவது லேசான காரியமாக இல்லை. சந்தனம் கண்ணாடியோடு கண்ணாடியாக இறுகிக் கிடந்தது. உன் பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் நனைத்து, கண்ணாடிமேல் ஒற்றி வைத்து ஊறவிட்டேன். ஊறின பிறகு பனையோலை நறுக்கால் மெதுவாகக் கிளப்பினேன். இரும்பு பட்டால் கோடு விழுந்துவிடும். சந்தனம் ஒரு பத்தை, அதற்குக் கீழே குங்குமம் கலந்த செம்மண் தூசி, அதற்குக் கீழே மறுபடி சந்தனம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையாக உரிந்து வந்தது. அடியில் இருந்த பிசுக்குக்குச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்து, கடைசியாக மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் துவட்டினேன். கறுப்புப் பொட்டைத் தவிர ஒரு மாசு மருவில்லாமல் கண்ணாடி பளிச்சென்று வந்துவிட்டது.

சட்டியில் தண்ணீர் மஞ்சளாய் நின்றது. அதைச் சாக்கடையில் ஊற்றப் போனேன். பேச்சி வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், கால் படாத இடமாகப் பார்த்து, முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தாள். கொன்றது என்று அவளே சொல்கிற அந்தச் சந்தனத்தை மிதிபட விட அவளுக்கு மனசு வரவில்லை. 

மறுபடி கதவைச் சாத்தினேன். சாமியெல்லாம் கும்பிட்டேன் மாப்ளே. சுருளியாண்டவர், வீரபாண்டி மாரியாத்தா, ராயப்பன்பட்டி கோயில் மாதா வரைக்கும் ஒருவரையும் விடவில்லை. சுவிட்சை இழுத்தேன்.

அதே பருப்புத் தண்ணீர்! கரிக்கோட்டைத் தாண்டி வெளிச்சம் ஒரு விரற்கடைகூடப் போகவில்லை. பேச்சி கிட்டத்தில் போய், கோட்டைத் தடவி, வெளிச்சத்துக்குள் கையை நீட்டிப் பார்த்தாள். அவள் உள்ளங்கையும் மஞ்சளாகத்தான் தெரிந்தது.

"கூடலையேண்ணே" என்றாள்.

"அதத்தான நானும் சொல்லிக்கிட்டே கெடக்கேன்!" என்று குதித்தேன். நிஜமாகவே குதித்தேன், தகரத்தில் தலை இடித்தது. "போ, போயி எலையப் போடு!"

அவள் நகரவில்லை. "அப்ப எதுனாலண்ணே?" என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணாடி சுத்தம், பேட்டரி நல்ல பேட்டரி, பிறகு ஏன் வெளிச்சம் மஞ்சளாகச் செத்துக் கிடக்கிறது? ஹெட்லைட்டையே கழற்றினேன். துரு ஏறிய திருகாணிக்கு மண்ணெண்ணெய் விட்டு, வளையத்தை எடுத்து, கம்பிக் கவ்விகளை நெம்பி, கண்ணாடியைப் பிரித்து வைத்தேன். பல்புக்குப் பின்னால் இருக்கிற கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

அந்தக் கிண்ணம் பித்தளை. அதன் உள்பக்கம் வெங்காயச் சருகைவிட மெல்லிசாக வெள்ளி முலாம் பூசியிருப்பார்கள். முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருக்கும், மீசை முறுக்கலாம். பல்பு வெளிச்சத்தைத் திரட்டி ரோட்டுக்கு எறிவது அதுதான். தூசி படிந்தால் வாயால் ஊத வேண்டும், மிஞ்சினால் சோப்புத் தண்ணீரை ஊற்றி அலசி, துடைக்காமல் நிழலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். விரல் படக் கூடாது. நம் வாத்தியார் டிரைவர் எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்த அன்றைக்கு நீ லாரிக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்திருப்பாய்.

ஏனென்றால் உன் கிண்ணத்தில் வெள்ளியே இல்லை. மஞ்சள் மஞ்சளாய்ப் பித்தளை பல்லை இளித்தது. திரட்டி எறிய வெள்ளி இல்லாதபோது, வெளியே எவ்வளவு கழுவினாலும் வெளிச்சம் எப்படிக் கூடும்? வட்ட வட்டமாகத் தேய்த்த கீறல். விளிம்பு மடிப்பில் கொஞ்சம் சாம்பல். அதில் ஒட்டிக் காய்ந்த ஒரு புளி நார்.

கூறுகெட்டவனே! குத்துவிளக்கென்று நினைத்தாயா அதை? புளியும் சாம்பலும் போட்டு விளக்கியிருக்கிறாயே! முலாம் போனது தெரிந்த பிறகாவது எவனிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? இடப்பக்கத்தையும் நீ விட்டு வைத்திருக்க மாட்டாய். என்னிடம் சொன்னால் ஸ்டாண்டு பூராவும் சொல்லிச் சிரிப்பேன் என்று பயந்தாயா? சிரித்திருப்பேன்தான். சிரித்துக்கொண்டே மதுரைக்கு எடுத்துப் போய் முலாம் பூசிக்கொண்டு வந்திருப்பேனே, பாவி.

எனக்கு வந்த கோபத்தில் பெரிய நிம்மதியும் இருந்தது. பேச்சியைப் பிழைக்க வைக்க எனக்கு ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டான். கிண்ணத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "பாத்துக்க தங்கச்சி. இத விளக்குனது யாரு? நீயா? உன் புருசன். வெள்ளிய பூராவும் சொரண்டி எடுத்துட்டு, வெறும் பித்தளைய வச்சுக்கிட்டு மெட்டு எறங்கியிருக்கான். உன் சந்தனம் ஒண்ணும் பண்ணலை. அவன் கிறுக்குத்தனந்தான் அவனக் கொன்னுருக்கு" என்றேன். எல்லாப் பழியையும் அள்ளி உன் தலையில் கொட்டினேன். செத்தவனுக்கு என்ன கனக்கப் போகிறது என்று நினைத்தேன். உனக்குச் சம்மதமாகத்தான் இருக்கும் என்றும் நினைத்தேன். இருந்ததா?

பேச்சி கிண்ணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தப் புளி நாரை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

"ஆயுத பூசையன்னைக்குக் காலையில கேட்டாக" என்றாள். "'பேச்சி, கொஞ்சம் புளியும் அடுப்புச் சாம்பலும் எடு'ன்னாக. எதுக்குன்னேன். 'லைட்டு உள்ள மங்கிக் கெடக்கு, வெளக்கி வைக்கிறேன்'னாக. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"குடுத்தா என்ன? புளி குடுத்தது ஒரு குத்தமா? அவனுக்கு அறிவு எங்க போச்சு?" என்றேன்.

"அதில்லண்ணே." அவள் என்னைப் பார்க்கவில்லை. "அதுக்கு முந்துன வெள்ளிக்கெழம, நான் பொட்டு வைக்கையில பக்கத்துல வந்து நின்னாக. 'வெளிச்சம் கொஞ்சம் கொறையுது பேச்சி, பொட்டச் சின்னதா வைக்கிறியா'ன்னு கேட்டாக. நான் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டேன். ஒடனே, 'சரி சரி, நீ வைக்கிற மாதிரியே வையி, நான் வேற பாத்துக்கிறேன்'னு சொல்லிட்டாக."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் கொஞ்சம் மந்தம்தானே.

"ஒரு ஈரத் துணிய எடுத்து வெளிய ஒரு இழுப்பு இழுத்திருந்தா போதும்ண்ணே. அப்ப உள்ள வெள்ளி நல்லாத்தான இருந்திருக்கும்? வெளிச்சம் வந்திருக்கும். என் கை வச்சதுன்னு தொடைக்க மனசு வரலை அவுகளுக்கு. வெளிய தொடாம, உள்ள போயித் தேச்சிருக்காக."

மாப்ளே, நான் கட்டின வழக்கு அப்படியே சரிந்து விழுந்தது. அவள் சொன்னது சரி. சந்தனமா, புளியா? அவளா, நீயா? இரண்டு பேரும் சேர்ந்துதானடா, ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்த பிரியத்திலேயே, அந்த விளக்கை அணைத்திருக்கிறீர்கள். இனி இவளைப் பிடித்து நிறுத்த முடியாது, என் வாயால் நானே இவளைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆனால் அவள் அழுதாள்.

அதற்கு முன்னாலும் அழுதிருக்கிறாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு அழுதாள், காரியத்தன்று அழுதாள். அதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, யாரோ அடிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்து அழுத அழுகை. இது வேறு. வாய்விட்டு, உன்னைக் கூப்பிட்டு, திட்டித் திட்டி அழுதாள். "ஏன்யா தொடைக்கல? நான் கோவிச்சா ஒரு நாளு கோவிப்பேன், ரெண்டு நாளு கோவிப்பேன், அதுக்காக இப்படியா போவ?" என்று கிண்ணத்தைத் தரையில் அடித்தாள். உன்னை அவள் ஏன்யா என்று ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. ஒரு வாய் வசவும், மறு வாய் "என் ராசா"வும். தெருப் பொம்பளைகள் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்கள். நான் கதவில் நின்று எல்லோரையும் போகச் சொல்லிவிட்டேன்.

அதுவரைக்கும் அவள் தன்னைத்தான் அழுதுகொண்டிருந்தாள், கொலைகாரி என்று. அன்றைக்குத்தான் மாப்ளே, நீ செத்துப்போனதற்கு அழுதாள்.

வெயில் தாழ்ந்து கொட்டகைச் சந்தில் வந்த பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள். அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, பசிக்குது. உங்களுக்கும் போடவா?" என்றாள். காலையில் பொங்கின சோறு, ஆறிப் போன கத்திரிக்காய்க் குழம்பு. செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், நிலைப்படியிலேயே பையோடு நின்று அவள் அம்மா சாப்பிடுவதைப் பார்த்தாள். எனக்குத்தான் ஒரு வாய்கூட இறங்கவில்லை. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பேச்சி குணமாகிவிட்டாள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். சில நாள் பேசுகிறாள், சில நாள் பேசுவதில்லை. சில நாள் உன்மேல் கோபம், சில நாள் தன்மேல். "நான் மொகத்தத் தூக்கி வைக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்தாளானால் பொழுது போய்விடும். முன்பெல்லாம் நான் நடுவில் புகுந்து அது அப்படியில்லை, இது இப்படித்தான் என்று நியாயம் பேசுவேன். இப்போது பேசுவதில்லை. புருசன் பெண்டாட்டிக்கு நடுவில் நான் யார்? அதுவும் ஒருத்தர் அங்கேயும் ஒருத்தர் இங்கேயும் இருக்கையில்?

ஒன்று மட்டும் எனக்கு உன்னிடம் கேட்க வேண்டும். அந்த வளைவில், ரோடு தெரியாமல் போன அந்த நொடியில், துடைத்திருக்கலாமே என்று நினைத்தாயா? நினைத்திருக்க மாட்டாய் என்றுதான் என் மனசு சொல்கிறது. உனக்கு அந்த அறிவு கிடையாது. இருந்திருந்தால் நீ தங்கராசுவாக இருந்திருக்க மாட்டாய், வேறு எவனாகவோ இருந்து, இந்நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

கார்த்திகையில் உன் திதி வரும். அன்றைக்கும் பேச்சி அழுவாள், அதற்கடுத்த கார்த்திகையிலும் அழுவாள். சத்தியம் பண்ணிச் சொல்கிறேன் மாப்ளே, இனி நான் அவள் அழுகையை நிறுத்த மாட்டேன். யாரையும் நிறுத்த விடவும் மாட்டேன். அவள் உனக்காக அழுது முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். முடித்ததும், சோற்றைப் போடு தங்கச்சி, பசிக்கிறது என்று நானே கேட்பேன். எனக்குப் பசி இல்லாவிட்டாலும்.

அவளுக்கு அண்ணனாகவும் உனக்கு என்றைக்கும் மச்சானாகவும் இருக்கிற,
சுருளி,
டாக்சி ஸ்டாண்டு, கம்பம்.